பட்டமும் பட்டறையும்: ஒரகடம் வட்டாரத்தில் அண்ணா பல்கலைக்கழகப் படிப்பு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பொறியியல் படிப்பு என்றால் பெரும்பாலும் அது அண்ணா பல்கலைக்கழகப் படிப்புதான். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தண்டலம், பென்னலூர் என்று வழியெங்கும் தனியார் பொறியியல் கல்லூரிகள். அவற்றில் மிகுதியும் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதே சாலையில் இன்னும் தள்ளி, காஞ்சிபுரத்தை ஒட்டிய பொன்னேரிக்கரையில், பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. கிழக்கே குரோம்பேட்டையில் அதன் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வளாகம். இவற்றுக்கு நடுவே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட்டுகளில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் தயாராகி வெளியே போகின்றன.

இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு ஆலைகள் இருக்கும்போது, இங்கே படிக்கும் பிள்ளைகள் மெக்கானிக்கலையும் ஆட்டோமொபைலையும்தான் முதலில் கேட்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. நிலைமை அப்படி இல்லை. கவுன்சலிங்கில் முதலில் தீர்வது கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவு, அதற்குப் பிறகு இ.சி.இ. ஒரகடத்து ஆலையின் சுற்றுச்சுவரைப் பார்த்தபடியே கல்லூரிப் பேருந்தில் போகும் மாணவர், பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனத்தை மனத்தில் வைத்துத்தான் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார். இதற்குக் காரணம் மாணவர்களின் மோகம் மட்டும்தான் என்று சொல்லிவிடுவது நியாயமில்லை. பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் விதம், ஆசிரியர்களின் நிலை, ஆலைகள் ஆள் எடுக்கும் முறை மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய நிலை இது.

அண்ணா பல்கலைக்கழகம் 1978 செப்டம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் அதன் உறுப்புகள் அதைவிட மிகப் பழையவை. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794 இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944 இலும், எம்.ஐ.டி. 1949 இலும், கட்டடக்கலைப் பள்ளி 1957 இலும் வந்தவை. இந்த நான்கையும் ஒன்றாக்கியபோது வைத்த பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1982 இல் அது அண்ணா பல்கலைக்கழகம் ஆயிற்று. 1981 முதல் 1990 வரை துணைவேந்தராக இருந்த வா.செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர். அவருக்கு அடுத்து வந்த மு. அனந்தகிருஷ்ணன் காலத்திலும் இது நான்கு வளாகங்களுக்குள் அடங்கிய, கையடக்கமான ஆய்வுப் பல்கலைக்கழகமாகவே இருந்தது.

2001 இல் நிலைமை தலைகீழானது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகம் முதலானவற்றோடு இணைந்திருந்த தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் அத்தனையும் அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன. பென்னலூரில் உள்ள, 1985 இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி போன்றவை அப்படி வந்து சேர்ந்தவையே. 2007 இல் பல்கலைக்கழகத்தை வட்டார வாரியாகப் பிரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மறுபடி ஒன்றாக்கினார்கள். இன்று 400க்கு மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் கொடுப்பதும் கிண்டியிலிருந்துதான். ஆய்வுக்காக அமைந்த ஒரு நிறுவனத்தின் தலையில் மாநிலம் முழுவதற்குமான தேர்வு வேலையை ஏற்றிவைத்தது பெரிய சுமை. அதன் விளைவுகள் இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே 'அண்ணா யுனிவர்சிட்டியில் படிக்கிறேன்' என்று ஒரு மாணவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் உண்டு. முதலாவது 'கேம்பஸ்': கிண்டியின் மூன்று நிறுவனங்களும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும். இங்கே கட்-ஆஃப் மிக உயரம், கட்டணம் குறைவு, ஆசிரியர்களில் பெரும்பாலோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். இரண்டாவது உறுப்புக் கல்லூரிகள். விழுப்புரம், ஆரணி, பண்ருட்டி, திருக்குவளை, நாகர்கோவில் என்று பரவியிருக்கும் இவற்றில் ஒன்றுதான் காஞ்சிபுரத்தில் இருப்பது. கட்டணம் அரசுக் கல்லூரி அளவுதான். கட்டடமும் பெயரும் பல்கலைக்கழகத்துடையவை. நிரந்தர ஆசிரியர்கள்தான் போதவில்லை. மூன்றாவது இணைப்புக் கல்லூரிகள். அவற்றுள் நன்றாக நடப்பவை தன்னாட்சி வாங்கித் தாமே வினாத்தாள் தயாரிக்கின்றன. மற்றவற்றின் மாணவர்கள், கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை, ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள்.

எம்.ஐ.டி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய ஒரகடத்துக்கு முன்னோடி என்று ஒரு கல்வி நிலையத்தைச் சொல்லலாம் என்றால் அது இதுதான். சி. ராஜம் என்ற தொழிலதிபர் 1949 இல் தொடங்கிய இந்த நிறுவனம் வானூர்தி, ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ், கருவியியல் ஆகிய பாடங்களை நாட்டில் முன்னோடியாக எடுத்து நடத்தியது. பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்து மூன்றாண்டு பொறியியல் சொல்லிக்கொடுத்தார்கள். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு இங்கே வந்தவர்கள்தான் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும். முன்னவர் வானூர்தி, பின்னவர் எலக்ட்ரானிக்ஸ். அன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. பிற்காலத்தில் ஹெரால்டு கார் வந்தது அங்கிருந்துதான். வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998 இல். அதற்கு 49 ஆண்டுகள் முன்பே, சிப்காட்டிலிருந்து சிறிது தொலைவில், மோட்டார் வாகனப் பொறியியலுக்கென ஒரு துறை பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. சென்னை வாகனத் தொழிலின் தலைநகரானதற்குத் துறைமுகத்தையும் நிலத்தையும் மின்சாரத்தையும் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்த வகுப்பறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிண்டியிலும் இதுபோல ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் தோல் தொழில்நுட்பப் படிப்பு பக்கத்திலிருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. பாடம் நடத்தும் விஞ்ஞானியே தொழிற்கூடத்தில் தோல் பதனிடும் முறையையும் ஆராய்கிறவர். துறையும் தொழிலும் ஒரே சுவருக்குள் இருக்கும்போது மாணவருக்குக் கிடைப்பது என்ன என்பதை அங்கே பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இப்படியோர் ஏற்பாடு வளராமல் போனது பெரும் இழப்பு.

சேர்க்கை முறை தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு மனப்பாடம். பிளஸ் டூவில் கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் 50க்கு என்று சுருக்கி, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியவருக்கு 92, 44, 45 சேர்ந்து 181. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் 1997 முதல் நடக்கிறது. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு இதற்குள்ளேயே நடக்கிறது. அதோடு 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் தனியாக உண்டு. அப்படிச் சேர்பவரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத், படப்பை வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து கிண்டி வளாகத்துக்குள் நுழைய இது உண்மையான வழி. இந்த ஒதுக்கீட்டைத் தரத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு செமஸ்டர் நின்று நிதானிக்க அவகாசம் கொடுத்துப் பார்க்கட்டும்.

2018 இல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. அதற்கு முன்னால் குடும்பத்தோடு பேருந்தேறிக் கிண்டிக்கு வர வேண்டும். பெரிய திரையில் கல்லூரி வாரியாக மீதமிருக்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அப்பா ஒன்று சொல்ல, கூட வந்த சித்தப்பா வேறொன்று சொல்ல, சில நிமிடங்களில் முடிவெடுத்தாக வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதியலாம். அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் வரிசையை யார் போடுகிறார்கள் என்பது கேள்வி. பல ஊர்களில் அதைப் போட்டுக்கொடுப்பது இன்டர்நெட் சென்டர்க்காரரும் கல்லூரிகளின் ஆள் பிடிப்பவர்களும்தான். பாடப்பிரிவு என்ன கற்றுத்தரும் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

பாடப்பிரிவுகளின் மவுசு கடந்த கால் நூற்றாண்டில் ஏறி இறங்கிய விதத்தைப் பார்த்தால் அதற்குள் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 2000 ஐ ஒட்டி ஐ.டி. அலை அடித்தபோது எல்லாரும் கம்ப்யூட்டர் கேட்டார்கள். 2008 இல் உலகப் பொருளாதாரம் சரிந்து மென்பொருள் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தபோது மெக்கானிக்கல் பக்கம் பார்வை திரும்பியது. சரியாக அதே சமயத்தில்தான் ஒரகடம் எழுந்தது. 2010 இல் ரெனோ நிசான் ஆலை திறந்தது. 2012 இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள் வந்தன. 2013 இல் ராயல் என்ஃபீல்டு. செய்தித்தாளில் ஒவ்வொரு திறப்பு விழாவும் படத்தோடு வந்தது. அடுத்த சில ஆண்டுகள் கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் முன்னணியில் இருந்தது. கல்லூரிகளும் 60 இடத்தை 120 ஆக்கின, 120 ஐ 180 ஆக்கின. அந்த இடங்களில் சேர்ந்தவர்கள் நான்காண்டு முடித்து வெளியே வந்தபோது ஆலைகளில் அத்தனை பொறியாளர் வேலை இல்லை. 2010களின் பிற்பாதியில் மெக்கானிக்கல் வகுப்புகள் காலியாகத் தொடங்கின. சில கல்லூரிகள் சிவிலையும் மெக்கானிக்கலையும் மூடியே விட்டன. 2020 முதல் இணைப்புக் கல்லூரிகளில் 'செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்' என்ற பி.டெக். வந்தது. ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2024 இல் தளர்த்தியதும், வசதியுள்ள கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைப் பெருக்கின. மெக்கானிக்கலில் நடந்ததே இங்கும் நடக்கலாம் என்ற கவலைக்கு இடமிருக்கிறது.

ஆலைகள் பக்கத்தில் இருந்தும் பொறியாளர் வேலை ஏன் பெருகவில்லை? வாகனத்தை எங்கே உருவாக்குகிறார்கள், எங்கே பூட்டிச் சேர்க்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஹூண்டாயின் இந்தியப் பொறியியல் மையம் இருப்பது ஹைதராபாத்தில். ரெனோ நிசானின் தொழில்நுட்ப மையம் மறைமலைநகரை அடுத்த மஹிந்திரா சிட்டியில். டெய்ம்லர் ஒரகடத்திலேயே சோதனைத் தடமும் தயாரிப்பு வளர்ச்சிப் பிரிவும் வைத்திருப்பது விதிவிலக்கு. மற்றபடி இந்த வட்டாரத்தில் நடப்பது உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு. லைனில் நிற்பவர்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ படித்தவர்கள்; அவர்களிலும் பெரும்பகுதி ஒப்பந்தத்திலோ பயிற்சியாளராகவோ இருப்பவர்கள். பி.இ. முடித்தவரை ஜி.இ.டி. என்று பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராக எடுப்பார்கள். ஓர் ஆலைக்கு ஆண்டுக்குச் சில பேர். டிப்ளமோக்காரரை டி.இ.டி. என்று எடுப்பார்கள். இவ்விரண்டிலும் இடம் கிடைக்காத பி.இ. பட்டதாரி, பட்டத்தைச் சொல்லாமலே லைன் வேலைக்குப் போவதும் நடக்கிறது. எந்தப் பிரிவு படித்திருந்தாலும் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனத்துக்கு மெக்கானிக்கல் மாணவர் போவதில் வியப்பே இல்லை.

ஆலைக்குள் பொறியாளரிடம் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கார் ஆலையின் பாடி ஷாப்பில் ஸ்பாட் வெல்டிங் பெரும்பாலும் ரோபோக்கள் கையில். ஒரு ரோபோ நின்றுவிட்டால் அந்த வரிசையே நிற்கும். பராமரிப்புப் பொறியாளர் முதலில் வரிசையைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. திரையில் எந்த சிக்னல் வரவில்லை என்று பார்ப்பார். பிறகு அந்த சென்சார் ஒயரை மல்டிமீட்டரில் தொட்டுப் பார்ப்பார். மின்சாரம் சரி என்றால் க்ளாம்பை இயக்கும் காற்றழுத்தக் குழாயைப் பார்ப்பார். கடைசியில் கோளாறு, வெல்டிங் முனை தேய்ந்து தகடு சரியாக உட்காராததில் இருக்கும். இந்த ஒரே வேலைக்குள் எலக்ட்ரிக்கலும் இருக்கிறது, கருவியியலும் இருக்கிறது, மெக்கானிக்கலும் இருக்கிறது. ஆனால் கல்லூரியில் இவை வெவ்வேறு கட்டடங்களில், ஒன்றையொன்று பாராத துறைகளாக நடக்கின்றன. மெக்கட்ரானிக்ஸ், ரோபாட்டிக்ஸ் என்று பிரிவுகள் வந்திருப்பது சரியான திசைதான். பாடத்திட்டத்தில் பெயர் சேர்ப்பதோடு அந்த எந்திரங்களும் ஆய்வகத்துக்கு வந்தால் பலன் இருக்கும்.

பாடத்திட்டத்தை 'ரெகுலேஷன்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். 2008, 2013, 2017, 2021 என்று நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிது வரும். எந்த ரெகுலேஷன் என்று கேட்டாலே ஒருவர் எந்தக் காலத்தில் படித்தார் என்று தெரிந்துவிடும். 2021 ரெகுலேஷனில் எழுத்துப் பாடத்துக்கு அகமதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. ஆய்வகத்துக்கு இது தலைகீழ். வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும். அதன்படி முதலாண்டில் எல்லாப் பிரிவினரும் பைத்தான் படித்தார்கள். தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற இரண்டு பாடங்களும் எல்லாருக்கும் உண்டு. மினி டிராஃப்டரோடு அலையும் கிராஃபிக்ஸ் வகுப்பும், எம்-ஒன், எம்-டூ என்று அழைக்கப்படும் கணிதத் தாள்களும் முதலாண்டு மாணவரை மிரட்டுபவை. அரியர் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஆர்க் வெல்டிங்கில் பட் ஜாயின்ட், லேப் ஜாயின்ட், டீ ஜாயின்ட் என்று மூன்று விதமாக இரும்புத் துண்டுகளை ஒட்டவைக்கச் சொல்வார்கள். கறுப்புக் கண்ணாடி பிடித்து, எலக்ட்ரோடை எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் நகர்த்த வேண்டும் என்று கை அறிந்துகொள்ளும் நேரம் அது. ஒரு மாணவர் ஒரே ஒரு துண்டாவது தானே ஒட்டிப் பார்த்தாரா, அல்லது வரிசையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதினாரா என்பது அந்தக் கல்லூரியின் தரத்தை நேராகச் சொல்லிவிடும்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் இதைவிடக் கவலைக்குரியது. எட்டாவது செமஸ்டரில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் எந்திரத்தையோ சுற்றையோ தாமே வடிவமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையில் இதை முழுதாகச் செய்து, அறிக்கையோடும் விளக்கப் படங்களோடும் விற்பதற்குக் கடைகளே இருக்கின்றன. வாங்குகிறவரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. வழிகாட்டும் ஆசிரியருக்கு எத்தனை குழு, எவ்வளவு நேரம், அவரே அந்தப் பாடத்தில் எதையாவது செய்து பார்த்தவரா என்று கேட்டால் விஷயம் ஆசிரியரிடம் வந்து நிற்கும்.

ஆசிரியர் நிலைதான் இந்த அமைப்பின் பலவீனமான மூட்டு. அரசு விதிப்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். வளாகங்களில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு இது கிடைக்கிறது. அங்கேயும் உறுப்புக் கல்லூரிகளிலும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக வேலை பார்ப்பவர்கள் பலர். பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் சம்பளம் இதைவிட மிகக் குறைவு. மாணவர் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி கோடை விடுமுறையில் ஆசிரியர்களை ஊர் ஊராக அனுப்புகிற நிர்வாகங்களும் உண்டு. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி, 2018க்கு முன் அது 15க்கு ஒருவர் என்று இருந்தது. ஆண்டுதோறும் இணைப்பைப் புதுப்பிக்கும்போது இந்த எண்ணிக்கையையும் தகுதியையும் காட்ட வேண்டும். காட்டுவதற்கு மட்டும் ஆள் இருந்தால் போதும் என்று சிலர் எண்ணியதன் விளைவு 2024 ஜூலையில் வெளியே வந்தது. 224 கல்லூரிகளில் 353 பேர் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாக, ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலோடு குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்திருப்பதை ஒப்புக்கொண்டு விசாரணை நடத்தியது. கட்டணம் கட்டிய குடும்பங்களுக்கு இது இழைத்த அநீதி சாதாரணமானதல்ல. பட்டியலில் மட்டும் ஆசிரியர் இருந்து, வகுப்பில் யாரும் இல்லாத நாட்களை எந்த விசாரணையும் திருப்பித் தராது.

மேல்மட்டத்திலும் வெற்றிடம் இருந்தது. துணைவேந்தர் ஆர். வேல்ராஜின் பதவிக்காலம் 2024 ஆகஸ்டில் முடிந்த பிறகு, ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் அந்த இடம் நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்தது. ஒருங்கிணைப்புக் குழு ஒன்றுதான் நிர்வாகத்தை நடத்தியது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளை மேற்பார்க்க வேண்டிய இடத்தில் முடிவெடுக்கும் தலைமை இல்லாதிருப்பதன் பாதிப்பு, பணி நியமனம் தள்ளிப்போவதில் முதலில் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பல கல்லூரிகளில் இருக்கிறார்கள். சிப்காட்டின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியைச் சிறப்பு வகுப்புக்கு அழைத்து வருவதும், ஐ.வி. என்னும் தொழிற்சாலைப் பார்வையை வெறும் சுற்றுலாவாக விடாமல் முன்கூட்டியே கேள்விகளோடு அனுப்புவதும், விடுமுறையில் இரண்டு வாரப் பயிற்சிக்கு ஆலை ஆலையாகக் கடிதம் எழுதி இடம் வாங்கித் தருவதும் இவர்கள்தான். ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த உலகளாவிய வாகன ஆய்வு மையம் இருக்கிறது. மோதல் சோதனை, மின்காந்த இணக்கச் சோதனை, சோதனைத் தடங்கள் எல்லாம் அங்கே உண்டு. பக்கத்துக் கல்லூரிகளின் ஆட்டோமொபைல் மாணவர்கள் ஒரு செமஸ்டரை அங்கேயே கழிக்கும்படி நிலையான ஏற்பாடு செய்ய முடிந்தால், இந்த வட்டாரத்தில் படிப்பதற்கே தனி அர்த்தம் வரும்.

தமிழ்வழிப் பொறியியலையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். 2010 இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் தொடங்கப்பட்டன. ஆலையில் ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் பேசுவது தமிழ். வேலைக் குறிப்பு அட்டைகளும் பல இடங்களில் தமிழில். ஆனாலும் தமிழ்வழி மாணவருக்கு நேர்முகத் தேர்வில் தயக்கம், மேல்வகுப்புப் பாடங்களுக்குப் புத்தகம் இல்லை. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் இந்த வகுப்புகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. நிறுத்துவதா வேண்டாமா என்று விவாதித்த அளவுக்கு, ஆறாம் ஏழாம் செமஸ்டர் பாடநூல்களை யார் எழுதுவது என்று விவாதிக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் பொறியியலுக்கு வெளியேயும் அரசுப் பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஊரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தால் 2012 இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற இதில் சமூகப்பணி முதலிய முதுகலைப் படிப்புகள் நடக்கின்றன. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிக் கலைக் கல்லூரிகள் 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கே பி.காம்., பி.சி.ஏ. இரண்டுக்கும்தான் கூட்டம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் வந்தபின், கல்லூரியை நடுவில் விடாமல் முடிப்பது பல வீடுகளில் சாத்தியமானது. சுங்குவார்சத்திரம் செல்போன் ஆலையில் வேலை பார்க்கும் இளம்பெண்களில் பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 இல் திறக்கப்பட்டது. அந்த விடுதிக்குள் மாலை நேரத்திலோ விடுமுறை நாளிலோ ஒரு பட்ட மேற்படிப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்தப் பல்கலைக்கழகமும் முன்வந்தால், மாணவர்கள் அங்கே தயாராகவே இருக்கிறார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர்பவர்கள் இந்த வட்டாரத்தில் எப்போதும் உண்டு. டிப்ளமோ முடித்து இரண்டு மூன்று ஆண்டு ஆலையில் இருந்துவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாமாண்டு பி.இ. சேர்பவர்கள் வகுப்பில் தனியாகத் தெரிவார்கள். எந்திரம் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார்கள், கணிதத்தில் மட்டும் திணறுவார்கள். முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டி வரும் அவர்களுக்கு ஒரு பாலப் பாடம் கட்டாயம் தேவை. இன்னொரு கூட்டம் அரியரோடு வெளியே போனவர்கள். நான்காண்டு முடித்தும் இரண்டு தாள் மீதமிருந்ததால் பட்டம் வாங்காமல், பிளஸ் டூ தகுதியில் லைனில் நிற்பவர்கள். கால வரம்பு கடந்த இவர்களுக்காகப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்பு வாய்ப்புத் தேர்வு அறிவிக்கிறது; வழக்கமான கட்டணத்துக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. பழைய ரெகுலேஷன் தாளுக்கு இப்போது வகுப்பும் கிடையாது, நடத்த ஆசிரியரும் கிடையாது. ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பழைய வினாத்தாள்களைத் தேடிப் படித்து வந்து எழுத வேண்டியதுதான். தேறியபின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் முதலில் வரும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு. வேலை பார்க்கும் இடத்திலேயே பொறியாளர் பதவிக்கு விண்ணப்பம் கொடுக்க, அந்தத் தற்காலிகச் சான்றிதழே பெரும்பாலும் போதுமானது.